மாசானமுத்துவைக் கூப்பிட வந்த எஞ்சின்

டிரைவர் மாசானமுத்து செத்து அவருக்குப் பதினாறு கும்பிடுவதற்குள்ளேயே, குளவிப்பாறை ஷெட்டில் நின்றிருந்த அவருடைய எஞ்சின் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் தானாகக் கிளம்பி, தண்டவாளத்தை விட்டு இறங்கி, ரயில்வே காலனியின் செம்மண் தெருவில் மெதுவாக உருண்டு வந்து, தெருமுனைக் குழாயடியில் இடுப்பை வளைத்துத் திரும்பி, கடைசி வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அந்தத் தெருவில் ஏது தண்டவாளம் என்று நீங்கள் கேட்பீர்கள். காலனியில் ஒருத்தரும் கேட்கவில்லை. குழாயடித் திருப்பத்தில் அது இடித்துப்போட்ட சாக்கடைச் சுவரை யார் கட்டித் தருவது என்றுதான் கேட்டார்கள்.

அது லேசுப்பட்ட எஞ்சின் இல்லை. முன்னால் ஒரு வரிசைச் சக்கரம், பின்னால் ஒரு வரிசைச் சக்கரம், ரெண்டும் ரெண்டு எஞ்சின் மாதிரித் தனித்தனியாக இழுக்கும், ஆனால் நடுவில் பாய்லர் ஒன்றுதான், நெருப்பும் ஒன்றுதான். மற்ற எஞ்சின்கள் மூச்சு வாங்கி நின்றுவிடுகிற மலைப்பாதையில், அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிய வேகன்களை வரிசையாக மாட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு உடம்பை நெளித்து நெளித்து அது ஒன்று மட்டும்தான் முகடு வரைக்கும் ஏறும். ஊரில் அதற்குப் பூரான் என்று பெயர். மாசானமுத்துவின் பெண்டாட்டி சங்கரவடிவு மட்டும் சக்களத்தி என்றுதான் சொல்வாள், ஏனென்றால் அவர் வீட்டில் இருக்கிற நேரத்தைவிட அதோடு இருக்கிற நேரம்தான் அதிகம், வீட்டுக்கு வந்தாலும் அவர் சட்டையில் அதன் வாசம்தான் அடிக்கும்.

மாசானமுத்து மலைமேல் செத்தார். முகட்டு ஸ்டேஷனில் லோடை இறக்கிவிட்டு, எஞ்சினை வெளியே கொதிநிலையில் நிறுத்திவிட்டு, டிரைவர்கள் படுத்து எழும் அறைக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் தண்ணி கேட்டார், தண்ணி வருவதற்குள் போய்விட்டார். உடம்பைத் தள்ளுவண்டியில் வைத்துத் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன்கள் பிரேக் பிடித்துப் பிடித்து மலையிறக்கிக் கொண்டுவந்தார்கள். எஞ்சினை வேறொரு டிரைவர் பிறகு இறக்கினார். இறங்குவதற்கு யார் கை வைத்தாலும் அது சம்மதிக்கும். ஏறத்தான் அதற்கு மாசானமுத்து வேண்டும். அவர் உள்ளே போனதைப் பார்த்தது, வெளியே வந்ததைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

அது வாசலில் வந்து நின்றபோது கிழக்கு வெளுத்திருந்தது, மலையிலிருந்து சாரல் விழுந்துகொண்டிருந்தது. சங்கரவடிவு உள்ளே பாயில் கிடந்தாள். தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. அழுகிறவர்கள் எல்லாரும் வந்து அழுதுவிட்டுப் போன பிறகும் அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, அதுபற்றிக் காலனியில் பேச்சாகவும் ஆகிவிட்டது. அப்போது வெளியே ஊதல் கேட்டது. ஒரு நீளம், ரெண்டு குட்டை. மாசானமுத்து ஊதுகிற ஊதல் அது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். டிரைவரை டூட்டிக்குக் கூப்பிட ரயில்வேயில் ஒரு ஆள் உண்டு, கால்மேன் என்று பெயர், குளவிப்பாறையில் அது சொரிமுத்து. மழையோ பனியோ, விடிவதற்கு முன்னால் வந்து கதவைத் தட்டுவான். தட்டினால், உள்ளே புருஷன் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாலும் பெண்டாட்டி சொல்லும் பதில் ஒன்றுதான்: குளிச்சிட்டிருக்காவ. மலையேறி இறங்கி இடுப்பு விட்டுப்போய் வந்த மனுஷனுக்கு இன்னும் கொஞ்சம் தூக்கம் வாங்கிக் கொடுக்கக் காலனிப் பெண்கள் எல்லாரும் சொல்கிற பொய் அது. சொரிமுத்துவும் அது பொய்யென்று தெரிந்துகொண்டே ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். அந்தப் பொய்யை நம்புகிற மாதிரி நடிப்பதும் அவன் வேலையில் சேர்த்திதான்.

கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். ஊதல் கேட்டதும் சங்கரவடிவு கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"குளிச்சிட்டிருக்காவ. இந்தா, இப்ப வந்துருவாவ."

வெளியே எஞ்சின் நீளமாக ஒருமுறை ஆவியை விட்டுவிட்டு, சரி என்கிற மாதிரி அடங்கி நின்றது.

தான் என்ன சொன்னோம் என்பது எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கதவைத் திறந்து பார்த்தாள். தெருவை அடைத்துக்கொண்டு, கரி பூசிய முகத்தோடு, விளக்கை அவள் வீட்டு நடைக்கு நேராக வைத்துக்கொண்டு அது நின்றது, அவள் தோளுக்கு மேலே வீட்டுக்குள் பார்க்கிற மாதிரி இருந்தது. இதற்குத் தெரியாது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. இந்த உலகத்தில் மாசானமுத்து செத்த சேதி போய்ச் சேராத இடம் ஒன்று மிச்சமிருந்தது, அந்த இடத்தில் அவர் இன்னும் குளித்துக்கொண்டிருந்தார், சோப்பு எங்கே என்று இப்போது சத்தம் போட்டாலும் போடுவார். அவள் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. சொல்ல மனசு வரவில்லை என்பதுதான் சரி.

அடுத்த வீட்டு எஸ்தர் காப்பித் தம்ளரோடு வந்தாள். பாயிண்ட்ஸ்மேன் பெண்டாட்டி, சாவு விழுந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்கு அவள்தான் பொங்கிப் போடுகிறாள்.

"யக்கா, இது எதுக்கு இங்க வந்து நிக்கு?"

"அவியளக் கூப்பிட வந்துருக்கு."

"நீங்க என்ன சொன்னிய?"

"குளிக்காவன்னு சொல்லிட்டேன்."

எஸ்தர் எஞ்சினையும் பார்த்தாள், சங்கரவடிவின் முகத்தையும் பார்த்தாள். காப்பியை அவள் கையில் கொடுத்தாள்.

"அப்ப தண்ணிச் சத்தம் கேக்கணும்லா" என்றாள்.

பிறகு வீட்டின் பின்பக்கம் போய், வாளியில் தண்ணி மோந்து, குளிக்கிற கல்லின்மேல் ஒவ்வொரு செம்பாக ஊற்றினாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மறுநாள் அது ஊதியபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாள் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தார். பிறகு அக்கா வீட்டுக்கு, பிறகு காய்ச்சலென்று போர்த்திப் படுத்திருந்தார், பிறகு காய்ச்சல் விட்டு மறுபடியும் குளித்தார். எஞ்சின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றது. அவர்மேல் அதற்கு அவ்வளவு நம்பிக்கை.

காலனி பூராவும் பொய்யில் சேர்ந்துகொண்டது, யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணவில்லை, தானாகச் சேர்ந்துகொண்டது. வீட்டுக்குள் மாலை போட்டு வைத்திருந்த போட்டோவை எடுத்துப் பெட்டிக்கடியில் வைத்தார்கள். துக்கம் கேட்க வெளியூரிலிருந்து வந்தவர்களைக் குழாயடியிலேயே மறித்து, அங்கேயே அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வரச்சொன்னார்கள். வாத்தியார் பள்ளிக்கூடத்தில், டிரைவர் மாமா எங்கே என்று பூரான் கேட்டால் லீவில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சங்கரவடிவு தினமும் அவர் சட்டை ஒன்றைத் துவைத்து வாசல் கொடியில் காயப்போட்டாள், சாரலில் அது காயாது, ஆனாலும் போட்டாள்.

பதினாறாம் நாள் மாசானமுத்துவின் சொந்தக்காரர்கள் சங்கரவடிவின் தாலியைக் கழற்றி வாங்குவதற்கு வந்தார்கள். வந்தவர்கள் வாசலில் எஞ்சின் நிற்பதைப் பார்த்தார்கள். அது பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்தக் காரியத்தை எப்படிச் செய்வது என்று பெரியவர்களுக்குள் பேச்சு வந்தது, கொஞ்சம் முணுமுணுப்பும் வந்தது, கடைசியில் மாசானமுத்துவின் சித்தப்பாவே, அது கிளம்பிப் போகட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். இலையில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி எல்லாரும் எஞ்சினிடம் போயிட்டு வாரோம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சங்கரவடிவின் கழுத்தில் தாலி கிடந்தது, கையில் வளையல் கிடந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது, பூக்காரி தினமும் ஒரு முழம் கொடுத்துவிட்டுப் போனாள்.

சாரல் காலத்தில் அந்த எஞ்சினால் காலனிக்கு நல்ல சௌகரியம். பிரசவித்த பெண்களுக்கு வெந்நீர் அதிலிருந்து பிடித்தார்கள். அதன் ஆவியில் நெல் அவித்தார்கள். சளி பிடித்த பிள்ளைகளை அதன் நெருப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார்த்தினார்கள். ஷெட்டிலிருந்து நிலக்கரியைக் கூடையில் வாங்கிவந்து பெண்களே அள்ளிப்போட்டார்கள், விருந்தாளியைப் பட்டினி போடக் கூடாது பாருங்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ராமதுரைதான் பாவம், எஞ்சின் ஏன் குடியிருப்பில் நிற்கிறது என்று மேலிடத்திலிருந்து கேட்டதற்கு, தன்னுடைய டிரைவருக்காகக் காத்திருக்கிறது என்று பதில் அனுப்பிவிட்டு, யாராவது வருவார்களா என்று பயந்து பயந்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குரிய டிரைவர் இல்லாமல் ஒரு எஞ்சினை நகர்த்துவது சட்டப்படி குற்றம் என்பதால் ஒருத்தரும் வரவில்லை.

சங்கரவடிவு சந்தோஷமாக இருந்தாள். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். காலையில் ஊதல் கேட்டு எழுந்திருப்பாள், இன்றைக்கு அவர் எங்கே போயிருக்கிறார் என்று யோசிப்பாள், யோசித்துச் சொல்லிவிட்டால் அன்றைக்குப் பூராவும் அவர் அங்கே இருப்பார். ரெண்டு பேருக்கு உலை வைப்பாள். சாயங்காலம் நடையில் உட்கார்ந்து எஞ்சினிடம் குறை சொல்வாள்.

"ஒன்னால கெட்டாவ அவிய. வீட்டுல ஒரு ஆணி அடிக்க நேரமில்ல. ஒனக்கு எண்ணெய் போட மட்டும் நேரம் இருக்கு" என்பாள்.

அது சூடாகப் பக்கத்தில் நிற்கும். அவரைப் பற்றி, இருக்கிறவரைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேச அவளுக்கு வேறு ஆள் இல்லை. மற்ற எல்லாரிடமும் அவர் 'இருந்தார்'தான்.

ஆனால் மலைக்குப் போக வேண்டிய லோடு பூராவும் கீழே கிடந்தது. யார்டில் அரிசி வேகன்கள் வரிசையாக நின்று, சாரலில் நனைந்து, அரிசியோடு கலந்து வந்து சந்துகளில் சிந்திய நெல்மணி முளைவிட ஆரம்பித்துவிட்டது. சின்ன எஞ்சின்களை மாட்டிப் பார்த்தார்கள். ஈரத் தண்டவாளத்தில் கரடிவளைவு வரைக்கும் போகும், சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும், மணல் போட்டாலும் சுற்றும், பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னாலேயே இறங்கிவிடும். சொரிமுத்து ஒருநாள் வாசலில் வந்து உட்கார்ந்தான். பீடியைப் பற்றவைக்கவில்லை.

"மைனி, மேல சோறு இல்லையாம்" என்றான்.

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் மைனி. சும்மா சொன்னேன்."

அவன் எழுந்து போய்விட்டான். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்காரிகள், தலையில் சாக்கைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, தண்டவாளத்தின் கட்டைமேலேயே நடந்து, குகையெல்லாம் இருட்டில் தடவிக் கடந்து வந்திருந்தார்கள். காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. அவர்களில் மூத்தவள் குருவம்மா, இடுப்பில் ஒரு பெண்குழந்தை, குழந்தைக்கு வயிறு மட்டும் பெரிதாக இருந்தது, கண்ணைத் திறக்கவில்லை. அவர்கள் எஞ்சினைக் கும்பிட்டார்கள். பிறகு சங்கரவடிவின் நடைக்கு முன்னால் ஈரத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"தாயி, கோவிச்சுக்காத" என்றாள் குருவம்மா. "ஒங்க வீட்டுக்காரவுக குளிச்சிட்டிருக்காகன்னு மேல சொன்னாக. ரொம்ப நாளாச் சொல்லுறாக. குளிச்சு முடிச்சாச்சான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

காலனிப் பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள்.

"நல்ல மனுசன் தாயி" என்றாள் குருவம்மா. "லயத்து வீடுக பக்கம் வந்தா பிள்ளைகளுக்கு ஊதிக் காட்டாமப் போக மாட்டாக. மேலுக்கு முடியலைன்னா ஒண்ணும் அவசரமில்ல. நாங்க கிழங்கு பறிச்சுத் திங்கறோம். பிள்ளைகதான் தாங்க மாட்டேங்குதுக. கொஞ்சம் சீக்கிரமா வரச் சொல்லு தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

சங்கரவடிவு உள்ளே போனாள். உலையில் ரெண்டு பேருக்கு வெந்த சோறு இருந்தது. அதைக் கஞ்சியாக்கிக் கொண்டுவந்து, குருவம்மாவின் குழந்தைக்குத் தானே சங்கில் புகட்டினாள். அது முதல் மடக்கைத் துப்பியது, ரெண்டாவதை விழுங்கியது. காலனி வீடுகளிலெல்லாம் உலை ஏற்றி வந்தவர்களுக்குப் போட்டு, மடியில் அரிசியும் கட்டி அனுப்பினார்கள். மடியில் கொண்டுபோகிற அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நாளைக்கு வரும்" என்று சங்கரவடிவு குருவம்மாவிடம் சொன்னாள். "அவிய வர மாட்டாவ. அரிசி வரும்."

குருவம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் சங்கரவடிவின் பொட்டைப் பார்த்தாள், தாலியைப் பார்த்தாள், அவள் கையைப் பிடித்து ஒருதரம் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் ஊதல் கேட்கும்போது சங்கரவடிவு முழித்துத்தான் இருந்தாள். ஒரு நீளம், ரெண்டு குட்டை. அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தெரு பூராவும் கதவுகள் ஒருக்களித்துத் திறந்திருந்தன. அவள் படியிறங்கிப் போய் எஞ்சினுக்கு முன்னால் நின்றாள், ஒரு ஆளிடம் பேசுகிற தூரத்தில் நின்றாள்.

"அவிய செத்துப்போயிட்டாவ" என்றாள்.

எஞ்சின் மறுபடியும் ஊதியது. கேட்கவில்லை போல.

"செத்துப்போயிட்டாவ. நீ முகட்டுல நிக்கும்போதே செத்துப்போயிட்டாவ. உள்ள போயிப் படுத்தாவ, ஒரு வாய் தண்ணி கேட்டாவளாம். நீ வெளியதான் நின்ன. ஒன் வயித்துல எம்புட்டுத் தண்ணி இருந்துது. ஒன்னைக் குத்தம் சொல்லல. ஒனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் அந்நேரம் இங்க மாவாட்டிட்டு இருந்தேன். குளிக்காவன்னு நான் சொன்னதெல்லாம் பொய். ஒனக்காகச் சொல்லல. எனக்காகத்தான் சொன்னேன்."

எஞ்சின் மூன்றாவது தடவை ஊத ஆரம்பித்தது. ஒரு நீளம் வந்தது. அதற்குப் பிறகு வர வேண்டிய ரெண்டு குட்டை வரவில்லை. உள்ளே எங்கேயோ எதுவோ விட்டுப்போன மாதிரி, முன்தொட்டியிலிருந்தும் பின்தொட்டியிலிருந்தும் குழாய் மூட்டுகளிலிருந்தும் தண்ணி கொட்டியது, தெருச் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு அவள் காலைச் சுற்றி ஓடியது, சூடாக இருந்தது. அவள் விலகவில்லை. கையை நீட்டி அதன் முகத்தில் வைத்தாள். உள்ளங்கை பொத்துப்போனது, ஆனாலும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு எஞ்சின் பின்னாலேயே நகர்ந்தது. குழாயடியில் வளைந்து திரும்பியது, யாரையும் பார்க்கவில்லை, தண்டவாளத்தில் ஏறி யார்டுக்குப் போய் அரிசி வேகன்களுக்கு முன்னால் நின்றது. தண்ணி நிரப்பினார்கள். யார் வந்து கை வைத்தாலும் வைக்கட்டும் என்று நின்றது. டேனியல் என்ற இளம் டிரைவர் பயந்துகொண்டே ஏறினான்.

அது ஏறுகிற சத்தத்தைக் காலனி பூராவும் நின்று கேட்டது. முன்சக்கரங்கள் ஒரு மூச்சு விடும், பின்சக்கரங்கள் ஒரு மூச்சு விடும், ரெண்டும் சேரும், பிரியும், மறுபடியும் சேரும், மாசானமுத்து இருக்கும்போதும் அப்படித்தான் கேட்கும். கரடிவளைவில் சத்தம் சறுக்கியது. சக்கரம் சுற்றுகிற இரைச்சல் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. ராமதுரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சங்கரவடிவு கொடியில் கிடந்த ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஒரு மூச்சு கேட்டது, வெகுநேரம் கழித்து இன்னொன்று கேட்டது, அப்படியே ஒவ்வொன்றாக, இழுத்து இழுத்து, வளைவைத் தாண்டி மேலே போனது.

"ஏறிட்டுது யக்கா" என்றாள் எஸ்தர்.

அப்போதுதான் சங்கரவடிவுக்கு அழுகை வந்தது. மண்ணில் உட்கார்ந்து, பொத்துப்போன கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டு, காலனிக்காரர்கள் அதுவரைக்கும் கேட்டிராத குரலில் அழுதாள்.

"அது நம்பிட்டு இருந்துச்சே எஸ்தரு. அது நம்புன மட்டும் அவிய இருந்தாவளே. என் வாயாலயே சொல்லி அவியளச் சாக வச்சிட்டேனே."

எஸ்தர் அவளைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு வீட்டிலும் எரிந்துகொண்டிருந்த அடுப்பைப் பெண்கள் தண்ணி தெளித்து அணைத்தார்கள், முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள், சங்கரவடிவைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, ஏற்கெனவே ஒருதரம் அழுது முடித்த சாவுக்கு, அன்றைக்குக் காலையில்தான் உடம்பு வந்து இறங்கிய மாதிரி முதலிலிருந்து அழுதார்கள். ஆண்கள் பந்தல் போட்டார்கள். சொரிமுத்து வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிச் சாவு சொன்னான்.

மாசானமுத்து என்றைக்குச் செத்தார் என்று குளவிப்பாறையில் கேட்டால் ரெண்டு நாள் சொல்வார்கள். ஒன்று ரயில்வேக்காரர்கள் சொல்கிற நாள். சங்கரவடிவு வருஷா வருஷம் அவருக்கு இலை போட்டுப் படைத்தது அந்த இன்னொரு நாளில்தான்.